கறுப்புத் தரையும் ஸரீனா ராத்தாவும்

கண்டியில் நடக்கும் உங்கள் பயணிகள் சேவைப் பயிற்சி வகுப்புக்கு ஒரு நாள் வந்து பேசும்படி கேட்டார்கள். மேடையில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒருவர் முன்னால் கொஞ்சம் குனிந்து, "இன்னொரு தேத்தண்ணி கொண்டுவரட்டுமா?" என்று கேட்டே பழகியவள் நான். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் குரல் நல்லவர் யாராவது வாசியுங்கள். மற்றவர்கள் தூங்காமல் இருந்தால் போதும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நம் நிறுவனத்தின் பிஸ்னஸ் கிளாஸ் பயணிகள் விமானத்துக்குக் காத்திருக்கும் லவுஞ்சில் சாதாரண உதவியாளராகச் சேர்ந்து, அதன் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். வீடு கட்டுகஸ்தோட்டையில். வேலை நாட்களில் நீர்கொழும்பில் ஒரு அறையில் தங்குவேன். லீவு கிடைத்ததும் கண்டி பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

உங்கள் பாடக் குறிப்புகளில் 'பயணிகளின் எதிர்பார்ப்பு' என்ற சொல் அடிக்கடி வரும். லவுஞ்சைப் புதுப்பித்தால் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறுகிறதா என்று உங்களிடமும் ஒரு நாள் கேட்பார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாதக்கணக்கில் மூடி வைத்துப் புதுப்பித்துத் திறந்த லவுஞ்சுக்குள் வருகிறவர்கள் முதலில் வாயைப் பிளப்பார்கள். பிறகு ஒரு படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகு போன் சார்ஜ் பண்ண ஒரு பிளக், கால் பக்கத்தில் பையை வைக்க ஓர் இடம், தேத்தண்ணி மாதிரி ஒரு தேத்தண்ணி, இவற்றைத் தேடுவார்கள். எங்கள் புதிய லவுஞ்சில் பிளக் சோபாவுக்கு அடியில் ஒளிந்திருந்தது. பை வைக்க இடமே இல்லை. தேத்தண்ணி இயந்திரத்திலிருந்து வந்தது. எல்லோரும் முறையிட்டார்கள், சில வாரங்களில் எல்லாவற்றையும் திருத்தினோம். வாய்விட்டுச் சொன்னதைத் திருத்துவது பெரிய வேலையில்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதிலும் ஒரே ஒருவரைப் பற்றி.

எங்கள் சேவைப் பிரிவின் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கெல்லாம் அவர் 'சேர்'. அந்த லவுஞ்சைத் தன் சொந்த வீட்டைக் கட்டுவது போல நின்று கட்டினார். சுவருக்கு அடித்த நிறம் பிடிக்காமல் மறுபடி அடிக்க வைத்தார். கதிரைகளில் தானே உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு மிகப் பிடித்தது தரை. கரும் கல். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. கூரையில் எரிகிற சின்ன விளக்குகள் அதற்குள் தலைகீழாகத் தொங்கும். முதல் நாள் அதன்மேல் நடந்தபோது எனக்கும் பெருமையாக இருந்தது. செருப்புக்குத் தூசி இருக்குமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

திறந்து சில நாட்களில் ஒரு சஞ்சிகையிலிருந்து படம் எடுக்க வந்திருந்தார்கள். மத்தியானம். சேரும் உள்ளே நின்றார். அப்போதுதான் ஸுபைர் ஹாஜியார் தன் மனைவியோடு வாசலுக்கு வந்தார்.

ஹாஜியாருக்கு அக்குறணையில் துணிக்கடை. பாங்கொக்குக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். பழைய லவுஞ்சில் மூலைச் சோபாதான் அவருக்கு. நான் கட்டுகஸ்தோட்டை என்று தெரிந்த நாளிலிருந்து, "மிஸ் நம்ம ஊருதானே" என்று சொந்தம் கொண்டாடுவார். கட்டுகஸ்தோட்டையில் மாத்தளை பஸ்ஸைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் அக்குறணை. கட்டுநாயக்காவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே ஊர்தான். அவருடைய மனைவி ஸரீனா. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் பேச்சில் 'இருக்கு' 'ஈக்கி' ஆகும், 'சொல்ல' 'செல்ல' ஆகும்; அக்காவை 'ராத்தா' என்பார்கள். நானும் அவரை ஸரீனா ராத்தா என்றே கூப்பிட்டேன். ராத்தாவுக்கு ஞாபகம் குறைந்து வந்தது. வீட்டில் தனியே விட முடியாததால் ஹாஜியார் போகிற இடத்துக்கெல்லாம் கூட்டிப் போகத் தொடங்கியிருந்தார். அதை அவர் மறைத்ததில்லை. "அவ ஒண்டொண்டா மறந்துக்கிட்டு வாரா மிஸ். என்னய மறக்க முந்தி நாலு இடம் காட்டிடுவோம் எண்டுதான்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார்.

அன்று ஹாஜியார் உள்ளே கால் வைத்துவிட்டார். ராத்தா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வா ஸரீனா."

"தண்ணி ஈக்கி."

"தண்ணி இல்ல. தரை. புதுசாப் போட்டீக்கிறாங்க."

"எனக்குக் கண்ணு தெரியாதா? உள்ளுக்கெல்லாம் தண்ணி."

பின்னால் வேறு பயணிகள் வந்து நின்றார்கள். படம் எடுப்பவர் கமராவை இறக்கிவிட்டுப் பார்த்தார். ஹாஜியாருக்கு முகம் சிவந்துபோயிற்று. நான் ஓடிப்போய், "ராத்தா, இங்க பாருங்க. நான் நிக்கிறேனே. காஞ்சுதான் இருக்கு" என்று தரையைக் காலால் தட்டிக் காட்டினேன். ராத்தா என் காலைப் பார்த்தார். முகத்தில் பயம் இன்னும் கூடியது.

"நீங்க ஏன் புள்ள தண்ணிக்குள்ள நிக்கிறீங்க? சேலை நனையுது. வாங்க வெளிய."

சொல்லிவிட்டு, தன்னால் எட்டக்கூடிய அளவுக்கு உடம்பை வளைத்து, எனக்குக் கை நீட்டினார். ஒரு காலைக்கூட உள்ளே வைக்காமல், விழுந்துவிடாமல், என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

சக்கர நாற்காலி கொண்டுவந்து உள்ளே தள்ளிப் போகலாமா என்று என் உதவியாளர் பின்னால் நின்று கேட்டார். விதிப்படி அதுதான் சரி. ஆனால் தண்ணீர் என்று நம்புகிறவரைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போவது எப்படி? நான் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் பெருமூச்சு விட்டு என் சேலையின் ஓரத்தைப் பிழிவதுபோல முறுக்கி உதறினார். "ஈரச் சேலையோட நிண்டா காய்ச்சல் வரும்" என்றார்.

லவுஞ்சுக்கு வெளியே ஒரு ஒடுங்கிய நடைபாதை. அங்கே இரண்டு கதிரைகளைப் போடச் சொன்னேன். லவுஞ்சின் தளபாடத்தை வெளியே எடுக்கக் கூடாது என்பது உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். எடுத்தேன். தேத்தண்ணியும் வெளியே வந்தது. விமானத்துக்குக் கூப்பிடும்வரை இருவரும் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். சேர் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு படம் எடுப்பவரிடம் திரும்பிப் போனார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கொஞ்ச காலம் கழித்து, வேறு அலுவலாகப் புறப்பாட்டு வாயில் பக்கம் போனபோது, ஹாஜியார் பிளாஸ்டிக் கதிரை வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் பிஸ்னஸ் கிளாஸ் சீட்டு.

"என்ன ஹாஜியார், இங்க இருக்கீங்க? லவுஞ்சுக்கு வரலியா?"

"அது நல்லாத்தான் ஈக்கி மிஸ். குறை செல்ல ஒண்டுமில்ல." கொஞ்சம் தயங்கினார். "எங்களுக்குத்தான் சரிவராது."

பக்கத்தில் உட்கார்ந்தேன். ராத்தாவைத் தங்கச்சி வீட்டில் விட்டு வந்திருந்தார். போன தடவை என்ன நடந்தது என்று அப்போதுதான் சொன்னார். நடைபாதையிலிருந்து போய், வாயில் பக்கத்தில் வரிசையில் நிற்கும்போது, சனநெரிசலில் ராத்தா மிரண்டு அவருடைய கையை விட்டுவிட்டு எங்கேயோ நடந்துவிட்டார். தேடிக் கண்டுபிடித்தபோது வேறு ஒரு நாட்டுக்குப் போகிறவர்களின் வரிசையில் நின்றுகொண்டிருந்தாராம்.

"சத்தமில்லாத இடம் ஒண்டு வேணுமெண்டுதான் மிஸ் நான் இந்த டிக்கட் எடுக்கிற. அந்த இடத்துக்குள்ள அவவால கால் வெக்க ஏலாது. வெளிய வெச்சா தொலஞ்சு போறா."

பிறகு மெதுவாகச் சொன்னார். அவர்களுக்கு ஒரே மகள். அவுஸ்திரேலியாவில் இருக்கிறாள். அம்மாவுக்கு அடையாளம் தெரிகிற காலத்திலேயே ஒரு தரம் கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். டிக்கட்டும் எடுத்தாயிற்று.

"நிப்பாட்டப் போறேன் மிஸ். மகளுக்கு இன்னம் செல்லல்ல. எப்பிடிச் செல்ற எண்டுதான் யோசிச்சுக்கிட்டு ஈக்கேன்."

விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார். நான் லவுஞ்சுக்குத் திரும்பி வந்தேன். அன்று அந்தத் தரையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனபோது, ஒரு காலை நேரத்தில் மாத்தளை பஸ்ஸில் ஏறி அக்குறணையில் இறங்கினேன். என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு திட்டமும் இல்லை. டிக்கட்டை நிறுத்திவிட்டாரா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். வீடு கடைக்குப் பின்னால். ஹாஜியார் என்னை வாசலில் கண்டு திகைத்துப்போனார்.

ராத்தா என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆனால் வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு ஒரு துளியும் மறக்கவில்லை. "வாங்கோ, வாங்கோ. மிச்சம் தூரத்திலயிருந்து வந்தீக்கிறீங்க போல" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார். விமான நிலையத்தில் பார்த்த அந்தப் பயந்து நின்ற பெண்ணா இவர் என்று இருந்தது. அவருடைய வீட்டில் அவர் நின்ற நிற்பைப் பார்த்தபோது, எங்கள் லவுஞ்சில் எல்லோருக்கும் நான் சொல்லிக் கொடுக்கப் பார்ப்பது இதைத்தானே என்று தோன்றியது.

அப்போதுதான் காலடியைப் பார்த்தேன். முன் ஹோலில் பளிச்சென்ற புதுத் தரை ஓடுகள். ஆனால் கதவடியிலிருந்து குசினி அடுப்படி வரை, பன் புல்லில் பின்னிய பன்பாய் விரித்திருந்தது. ராத்தா அந்தப் பாயின் மேல்தான் போனார், வந்தார். ஓட்டில் கால் வைக்கவேயில்லை.

"மகள் காசனுப்பிப் போடச் சொன்ன தரை மிஸ்" என்றார் ஹாஜியார். "போட்ட நாள்லயிருந்து அவ ரூமுக்குள்ளயே இருந்திட்டா. பொறகு ஒரு நாள் தொழுகைப் பாய் விரிச்சிருந்த இடத்துல மட்டும் நடந்து வந்தா. அதக் கண்டுதான் பாய் வாங்கிப் போட்ட."

"தண்ணின்னு ஏன் நினைக்கிறாங்க ஹாஜியார்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே கடைப் பக்கம் கையைக் காட்டினார். "எங்க கடைத்தெருவ உங்களுக்குத் தெரியுந்தானே. மழ பெருத்தா ஆறு உள்ளுக்கு வந்திடும். ஒரு தரம் கரண்டும் போயிட்டு. கடைக்குள்ள முழங்காலளவு தண்ணி. கறுப்பா, மினுங்கிக்கிட்டு நிண்டிச்சாம். நான் ஊர்ல இல்ல. அவ தனியா நிண்டு துணிக்கட்டெல்லாம் தூக்கி மேல ஏத்தியிருக்கா. நான் வந்து பாக்கக்கொள்ள சேலையெல்லாம் சேறு. ஒரு கட்டுகூட நனய உடல்ல. இப்ப எல்லாம் மறந்திட்டா மிஸ். அது மட்டும் போகல்ல."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"டிக்கட்ட நிப்பாட்டிட்டீங்களா?"

"நாளைக்குப் போன் பண்ணுவோமெண்டு."

"பண்ணாதீங்க. ராத்தாவைக் கூட்டிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டேன். "இன்ஷா அல்லாஹ்" என்றார் அவர்.

திரும்பும் வழியில் கட்டுகஸ்தோட்டைக் கடையில் நீளமான பன்பாய்களாகப் பார்த்து வாங்கினேன். வேலைக்குத் திரும்பும் நாள் அவற்றைச் சுருட்டிக் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் இருந்தவர், "மிஸ், லவுஞ்சில இனித் தூங்கவும் விடப் போறீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் ஹாஜியாரும் ராத்தாவும் புறப்படும் நாளில்தான், லவுஞ்சுகளைப் பார்த்துத் தரம் சொல்லும் வெளிநாட்டுக் குழு ஒன்று வரவிருந்தது என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

சேருக்குப் போன் எடுத்தேன். நடந்ததெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஓம், எனக்கு விளங்குது. பாவம். ஆனா இந்த ஒரு நாள் மட்டும் வேண்டாம். எத்தனை பேர் எவ்வளவு பாடுபட்டுக் கட்டின இடம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. பாயை விரிச்சு வச்சா என்ன நினைப்பினம்?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்த இடத்துக்காக அவர் நித்திரை முழித்ததை நான் பார்த்திருக்கிறேன். தரக்குழுவின் நல்ல வார்த்தையில் எங்கள் எல்லோருடைய வேலையும் இருந்தது. இந்தப் பக்கம், அக்குறணையில் ஒருவர் என் வார்த்தையை நம்பிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்ற பிறகு, சரி சேர் என்று சொல்லி வைத்துவிட்டு, அன்று தற்செயலாக நடந்ததுபோல் விரித்திருக்கலாம். பலர் அப்படிச் செய்வார்கள். நான் சொன்னேன்: "சேர், நான் போடத்தான் போறேன். உங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னுதான் சொல்றேன். என்மேல நடவடிக்கை எடுத்தா எடுங்க." போன் கட்டாகியது. விதியை மீறும் நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு ஒளித்துச் செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில், உங்கள் பெயரோடு செய்யுங்கள். அப்படிச் செய்யக் கூச்சமாக இருந்தால், அதைச் செய்யத்தான் வேண்டுமா என்று மறுபடி யோசியுங்கள்.

அந்த நாள் வந்தது. வாசலிலிருந்து சத்தம் குறைந்த பக்கத்துச் சோபா வரைக்கும் பாய்களை நீட்டி விரித்தேன். கறுப்புக் கல்லின்மேல் பழுப்புப் பாய். அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஏதோ கல்யாண வீட்டுக்கு அவசரமாகத் தயார் பண்ணியது போல இருந்தது. தரக்குழுவில் ஓர் ஆண், ஒரு பெண். சேர் அவர்களோடு உள்ளே வந்தார். பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவர்களுக்கு விளக்குகளைக் காட்டத் தொடங்கினார்.

கொஞ்ச நேரத்தில் ஹாஜியார் வந்தார். ராத்தா அவருடைய கையை இறுக்கிப் பிடித்திருந்தார். வாசலில் நின்று இரண்டு பக்கமும் கறுப்பாக மினுங்கிய தரையைப் பார்த்தார். பிறகு அவர் கீழே பார்த்தார். பாய். செருப்பைக் கழற்றினார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓரமாக வைத்தார். வீட்டுக்குள் வருகிறவர் மாதிரி உள்ளே நடந்து வந்தார். ஹாஜியார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

சோபாவில் உட்கார்ந்து ராத்தா தேத்தண்ணி குடித்தார். சுற்றிலும் பார்த்தார். ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், தட்டுகள் போகின்றன, வருகின்றன. அவருக்கு அது ஏதோ விசேஷ வீடாகத் தெரிந்திருக்க வேண்டும். கண் சேரிடம் போய் நின்றது. சேர் தரக்குழுவுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தப் புள்ள ஏன் வந்ததுலயிருந்து நிண்டுக்கிட்டே ஈக்கார்? சாப்பிட்டாரா?" என்று என்னைக் கேட்டார்.

ராத்தா கையைத் தூக்கிக் கூப்பிட்டார். "மகன், இங்க வாங்கோ!"

லவுஞ்ச் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சேர் தயங்கினார். பிறகு பாயின் ஓரமாக நடந்து வந்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை அம்மா. இனித்தான்."

"காலையில?"

"அதுவும் இல்லை."

ராத்தா தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். மடியில் இருந்த கைப்பையைத் திறந்து, கடதாசியில் சுற்றிய ஒரு மாலு பணிஸை எடுத்தார். உள்ளே மீன் வைத்துச் சுட்ட அந்தப் பன்ரொட்டி அக்குறணையிலிருந்து அவரோடு வந்திருந்தது. வெளிச் சாப்பாடு லவுஞ்சுக்குள் கூடாது. அந்த விதியை எழுதியவரே சேர்தான். அவர் உட்கார்ந்தார். பணிஸை வாங்கினார். ராத்தா பார்த்துக்கொண்டிருக்க, முழுவதையும் சாப்பிட்டார். "இன்னொண்டு ஈக்கி" என்று ராத்தா சொன்னபோது, "போதும் அம்மா, வயிறு நிறைஞ்சிட்டுது" என்றார்.

தரக்குழுப் பெண் என்னிடம் வந்து பாய் எதற்கு என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். தலையசைத்துக் கேட்டார். பிறகு பாயை மிதிக்காமல் அதன் பக்கத்தில் நடந்து போனார்.

ஹாஜியாரும் ராத்தாவும் விமானத்துக்குப் போன பிறகு நான் குனிந்து பாயைச் சுருட்டத் தொடங்கினேன். சேர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தக் கல்லைத் தேடி நான் எத்தனை இடம் அலைஞ்சனான் தெரியுமோ? கடைசியிலை அவவுக்கு அது வெள்ளமாத் தெரிஞ்சிருக்கு." தனக்குள் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, "சுருட்டாதேங்கோ. இண்டைக்குக் கிடக்கட்டும். வேற ஆரும் வந்தாலும் வருவினம்" என்றார்.

வந்தார்கள். அதற்குப் பிறகுதான் நானே கவனித்தேன். பார்வை மங்கிய ஒரு பெரியவர், சுவரைத் தொட்டுத் தொட்டு வருகிறவர், அன்று பாயில் ஏறியதும் கையைச் சுவரிலிருந்து எடுத்தார். இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்திருந்த ஓர் அம்மா, வழுக்குமோ என்று பயந்து பயந்து நடப்பவர், சாதாரணமாக நடந்து போனார். இவர்கள் ஒருவரும் ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. கேட்டால் 'மிகவும் திருப்தி' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தரக்குழு எங்களுக்குப் பரிசு ஒன்றும் தரவில்லை. அது பாயினாலா, வேறு எதனாலா என்று யாருக்கும் தெரியாது. சஞ்சிகையில் தரை மினுமினுக்கப் படம் வந்தது. என்மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை. சில வாரங்களில், வாசலிலிருந்து உள்ளே வரை பளபளப்பில்லாத சாம்பல் நிறக் கம்பளம் ஒன்று நடைபாதையாக விரிக்கப்பட்டது. நிறத்தைத் தெரிவு செய்தவர் சேர். அதையும் மாற்றி மாற்றித்தான் தெரிவு செய்தார்.

நான் ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகு, ஒரு நாள் அக்குறணைக்குப் போனேன். ராத்தா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பேச்சு குறைந்துவிட்டது, பாதி நாள் தூக்கம்தான் என்றார் ஹாஜியார். அவுஸ்திரேலியாவில் போய் இறங்கிய கதையை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்.

"வெளிய வார இடத்துல ஒரு பெரிய ஹோல் மிஸ். அங்கயும் கறுப்புத் தரை. நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நிண்டேன். பாயும் இல்ல, நீங்களும் இல்ல. அவ நிண்டிட்டா. அசய மாட்டேங்கிறா. அந்தப் பக்கத்துல கம்பிக்கு அங்கால மகள் நிக்கிறா. 'உம்மா' எண்டு ஒரு சத்தம் போட்டா."

ஹாஜியார் எழுந்து உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஸரீனா என்ன செஞ்சா தெரியுமா? சேலைய ரெண்டு கையாலயும் முழங்காலுக்குக் கிட்ட தூக்கிப் பிடிச்சா. எங்க ஊர்ல வெள்ளத்துல நடக்கிற மாதிரி, கால எடுத்து எடுத்து வெச்சு, அந்த ஹோலக் கடந்து போய்ட்டா. தண்ணி எண்டு நம்பிக்கிட்டேதான் போனா மிஸ். எல்லாரும் பாக்கிறாங்க. மகளுக்கு ஒண்டும் விளங்கல்ல. உம்மா ஏன் இப்பிடி வாரா எண்டு சிரிச்சுக்கிட்டே கட்டிப் பிடிச்சா. நான் இன்னம் அவளுக்குச் செல்லல்ல."

உள்ளே ராத்தா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த மாதம் அவர்கள் மறுபடியும் போகிறார்கள். இந்த முறை கூட்டிப் போக மகளே வருகிறாள். அங்கேயே இருந்துவிடப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். ஹாஜியார் அப்படிச் சொல்லவில்லை. கடையை ஒன்றுவிட்ட தம்பி மகனிடம் கொடுத்திருக்கிறார். சேரும் ஓய்வு பெற்றுவிட்டார். லவுஞ்சை இப்போது மீண்டும் புதுப்பித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கம்பளம் என்னவாயிற்று என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

உங்கள் பயிற்சி முடிந்து நீங்கள் வேலைக்குப் போவதும் அடுத்த மாதம்தான். ஹாஜியாரும் ராத்தாவும் வரும் நாளில் லவுஞ்ச் வாசலில் நிற்கப் போவது உங்களில் யாரோ ஒருவர். ராத்தாவுக்கு உங்களைத் தெரியாது. என்னையும் இப்போது தெரியாது. அவருடைய தேத்தண்ணிக்குச் சீனி குறைவாகப் போடுங்கள். வேறு என்ன வேண்டும் என்று அவர் பக்கத்தில் போய் நின்று கேளுங்கள். சொல்வதற்குக் கொஞ்ச நேரம் எடுப்பார். அவசரப்படுத்தாதீர்கள்.